எதிரே ஓர் ஆள் நிற்க வேண்டும்

சீனித்தாய் மதினியின் பாடை செங்கமடைக் கடைத்தெரு வழியாகப் போனபோது, அவள் சுவரிலும் தகரத்திலும் மரப்பலகையிலும் வரைந்து வைத்திருந்த படங்களெல்லாம், வாசலுக்கு வந்து நின்று பார்க்கிற சனங்களைப் போலவே கழுத்தைத் திருப்பிப் பார்த்தன. கறிக்கடைச் சேவல் பார்த்தது, பால் பூத்துப் பசு பார்த்தது, தையல் கடைப் பெண் பார்த்தாள், கோயில் மதிலில் சிங்கத்தின் மேல் உட்கார்ந்திருந்த அம்மனும் பார்த்தாள், அம்மன் பார்த்ததால் சிங்கமும் பார்த்தது. அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. வரைந்தவள் போகும்போது வரையப்பட்டவர்கள் பார்க்கத்தானே செய்வார்கள் என்று சொல்லிக்கொண்டு எல்லோரும் அழுதபடி நடந்தார்கள். நானும் நடந்தேன். முச்சந்தி வரைக்கும்தான். அதற்கு மேல் எங்கள் பக்கத்தில் பெண்கள் போகக்கூடாது. ஆண்கள் மேற்கே சுடுகாட்டுக்குப் போக, நான் மற்றப் பெண்களோடு கிழக்கே திரும்பி வீட்டுக்கு வந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டேன்.

மறுநாள் காலையில்தான் ஊர் அதைக் கவனித்தது. படங்கள் பழையபடி முன்னால் திரும்பியிருக்கவில்லை. சுடுகாட்டின் பக்கமும் பார்க்கவில்லை. ஒன்று விடாமல் எல்லாம் கீழத்தெருக் கோடியில் இருக்கிற எங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தன. எங்கள் வீட்டுக்கு எதிரில் இருந்தவை நேராகப் பார்த்தன, பக்கவாட்டில் இருந்தவை ஒரு கன்னத்தைக் காட்டின, எதிர்த் திசையைப் பார்த்து நின்றவையோ முழுசாகத் திரும்பித் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன.

மதினி என்றால் என் புருஷனின் அக்கா. சின்ன வயதில் தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டப் போனவள், ஒட்டிய லேபிளில் இருந்த பூனையையும் சேவலையும் ரோஜாப்பூவையும் பார்த்துப் பார்த்து வீட்டுச் சுவரில் கரியால் வரைந்து, அடி வாங்கி, அழித்து, மறுபடி வரைந்து, கடைசியில் அவளை அடித்த அப்பாவே ஒரு டப்பா நீலப் பெயிண்ட் வாங்கிக் கொடுத்தார் என்று சொல்வார்கள். பத்தொன்பது வயதில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை, "ஏணி ஏறுற பொம்பள எனக்கு வேண்டாம்" என்றாராம். இவள், "அப்ப நீங்க கீழயே இருங்க" என்று சொல்லிவிட்டு பெயிண்ட் டப்பாவோடு பஸ் ஏறி வந்துவிட்டாள். அதற்குப் பிறகு செங்கமடையில் அவள் கைபடாத சுவர் கிடையாது. சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, கொண்டையில் செருகிய பிரஷ், ஏணியின் உச்சிப்படிக்கு ஒரு படி கீழே உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே வரைவாள். போகிறவர் வருகிறவர் எல்லோரும் அண்ணாந்து அவளோடு பேசிவிட்டுத்தான் போவார்கள். மாப்பிள்ளை பார்க்கிற விஷயம், மாட்டுக்கு வயிற்றுப்போக்கு, மருமகள் சண்டை எல்லாவற்றுக்கும் அங்கேயிருந்தே தீர்ப்புச் சொல்வாள். ஒருதரம்கூட சரியான தீர்ப்பு சொன்னதில்லை. ஆனாலும் அவளிடம் கேட்டால் மனசு லேசாகும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

நான் அவள் தம்பிக்கு வாக்கப்பட்டு வந்தேன். மஞ்சள் காமாலையில் அவர் போய்ச் சேர்ந்தபோது பையன் முத்துராசுக்குப் பால் பல் விழுந்திருக்கவில்லை. அதிலிருந்து நாங்கள் இரண்டு பேரும்தான் வீடு. அவள் ஏணிக்கு மேலே, நான் கீழே. ஏணி வழுக்கிவிடுமோ, மழை வந்துவிடுமோ, அவள் டர்பன்டைன் கையோடு சோற்றைத் தொட்டுவிடுவாளோ என்று கவலைப்படுவது என் வேலை. கவலைப்படாமல் இருப்பது அவள் வேலை.

எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. படம் முழுவதும் முடிந்த பிறகுதான் மதினி கண்மணி வைப்பாள். வெள்ளையாக விட்டு வைத்திருந்த கண்ணுக்குள் இரண்டு கறுப்புப் புள்ளி. அதற்கு எதிரே ஓர் ஆள் நிற்க வேண்டும்.

"ஏ வெயிலு, இப்படி எதிர்க்க வந்து நில்லு."

என் பெயர் வெயிலம்மாள். எனக்கு ஆகாதது இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், அது வெயில்.

"அடுப்புல கொழம்பு கெடக்கு மதினி."

"கொழம்பு கால் மொளச்சு ஓடிராது. இது யாரையாவது பாக்கணும்ல? ஆளே இல்லாத எடத்தப் பாத்துக்கிட்டு நின்னா அது கண்ணா, கோலிக்குண்டா?"

ஒரு கம்பி வளைந்த கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு நான் போய் நிற்பேன். கொஞ்சம் இடது பக்கம் போ என்பாள், கொஞ்சம் பின்னால் போ என்பாள், மூஞ்சிய உம்முனு வச்சுக்காத என்பாள். அம்மனுக்குக் கண் வைக்க நின்றேன், சேவலுக்கு நின்றேன், பால் பூத்துப் பசுவுக்கு நின்றேன். பஸ் ஸ்டாண்டுப் பின்சுவரில் ஆம்பளைகள் ஒண்ணுக்குப் போகிறார்கள் என்று பஞ்சாயத்தில் சாமி படம் வரையச் சொன்னார்கள். சாமிக்கும் சாமிக்கும் நடுவில் இடைவெளி பார்த்து ஒண்ணுக்குப் போனார்கள். மதினி எல்லாச் சாமியையும் அழித்துவிட்டு, கையில் விளக்குமாறோடு வரிசையாகப் பன்னிரண்டு பொம்பளைகளை வரைந்தாள். அதற்குக் கண் வைக்கும்போது, "நீ ஒண்ணுக்குப் போக வந்தவன் மாதிரி நில்லு" என்றாள். "சீ, என்ன பேச்சு மதினி இது" என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனாலும் நின்றேன். அன்றிலிருந்து அந்தச் சுவர் காய்ந்து கிடந்தது.

வெயிலிலும் மழையிலும் சாயம் வெளுக்க வெளுக்க, தீபாவளிக்கு முன்னால் எல்லாப் படத்துக்கும் மேல்பூச்சு பூசுவாள். அப்போதெல்லாம் கண்ணும் புதிதாக வைப்பாள். அப்போதெல்லாம் நானும் போய் நிற்பேன். ஊரில் இருக்கிற எந்தப் படத்துக்கும் நான் நிற்காமல் கண் வந்ததில்லை.

கடைசியாக அவள் வரைந்தது மெயின் ரோட்டில் புதிதாகக் கட்டிய பயணிகள் நிழற்குடையின் சுவரில். என்ன வேண்டுமானாலும் வரைந்துகொள் என்று சொல்லிவிட்டார்கள். அவள் ஒரு பொம்பளையை வரைந்தாள். கம்பி வளைந்த கறுப்புக் குடை, இடுப்பில் செருகின முந்தானை, பேசப் போகிற மாதிரி அரைகுறையாகத் திறந்த வாய். பஸ்ஸுக்கு வந்தவர்கள் எல்லாம், "அட, இது வெயிலுல்ல!" என்றார்கள். எனக்கு வெட்கத்தில் உடம்பே கூசிப்போய்விட்டது.

"இதுக்கு மட்டும் நீதான் கண்ணு வைக்கணும். நான் எதிர்க்க நிக்கேன்" என்றாள் மதினி.

"எனக்குப் பிரஷ்ஷு புடிக்கவே தெரியாது. வத்தல் காயப்போட்டிருக்கேன், காயட்டும், பாப்போம்."

"சரி, காயட்டும்."

"வாய எதுக்கு இப்படித் தொறந்து வச்சிருக்கீங்க? என்ன சொல்றா அவ?"

"கண்ணு வச்சா தெரியும்."

வத்தல் காய்ந்தது, பொங்கல் வந்தது, பேரனுக்குக் காது குத்து வந்தது. ஒருநாள் காலையில் காப்பியைக் குடித்து, டம்ளரைக் கீழே வைத்து, "இன்னைக்கு காப்பி நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்தவள் சாய்ந்தவள்தான். முப்பது வருஷத்தில் என் காப்பியை அவள் நன்றாக இருக்கிறது என்று சொன்னதே இல்லை. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

நிழற்குடைப் படம் கண் இல்லாமலே நின்றது. கண் இல்லாததால் அது யாரையும் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தால் திரும்பிவிடும் என்றார்கள். திரும்பவில்லை. ஒரு மழை பெய்தால் சரியாகிவிடும் என்றார்கள். மழை பெய்தது, படங்கள் நனைந்துகொண்டே எங்கள் வீட்டைப் பார்த்தன. அதற்குப் பிறகு ஊர் என்ன செய்யும், பிழைப்பைப் பார்க்க வேண்டாமா, முதுகோடு வாழப் பழகிக்கொண்டது. சலூன் கிட்ணனின் கடைப் பலகையில் இருந்த பையன் பின்மண்டையைக் காட்டியதும், பின்னால் முடி எப்படி இறங்க வேண்டும் என்று இளவட்டங்களுக்கு முதல் முறையாகத் தெரிந்து, "அந்த மாதிரியே வெட்டுண்ணே" என்று வரிசையில் நின்றார்கள். மேரி புஷ்பத்தின் தையல் கடைப் பெண் திரும்பிய பிறகுதான் அவள் ஜாக்கெட்டின் முதுகில் இலை மாதிரி ஒரு கழுத்தும், கயிறும், கயிற்றின் நுனியில் குஞ்சமும் இருப்பது தெரிந்தது. பக்கத்து ஊர்களிலிருந்து கல்யாணப் பெண்கள் எல்லாம் வந்து அதைக் காட்டித் தைக்கச் சொன்னார்கள். பால் பூத்துப் பசுவின் பின்பக்கத்தில்தான் லட்சுமி இருக்கிறாள் என்று வந்தவர்கள் எல்லோரும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அரை லிட்டர் கூடுதலாக வாங்கினார்கள். ரேஷன் கடைச் சுவரில் இருந்த சின்னக் குடும்பம், அப்பா அம்மா இரண்டு பிள்ளைகள், கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்து நின்றதால் ஊரைவிட்டுப் போகிற மாதிரி தெரிந்தது. வரிசையில் நின்றவர்கள், "மண்ணெண்ணெய் வாங்கிட்டுப் போங்கப்பா" என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு கட்சித் தலைவரின் படமும் திரும்பிவிட்டது. மக்களுக்கு முதுகைக் காட்டிவிட்டார் என்று எதிர்க்கட்சிக்காரர்கள் கூட்டம் போட்டார்கள், மக்களோடு சேர்ந்து ஒரே திசையைப் பார்க்கிறார் என்று இவர்கள் கூட்டம் போட்டார்கள். பல் டாக்டர் போர்டில் இருந்த பல் மட்டும் திரும்பவில்லை. பல்லுக்கு ஏது கண்? இருந்தாலும், என் படத்துக்கு மட்டும் பாசம் இல்லையா என்று அந்த மனுஷர் ஒரு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

கோயில் பூசாரிதான் ரொம்பத் தவித்தார். அம்மனுக்கு முதுகில் சூடம் காட்டலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. மதிலின் மறுபக்கம் போய் வெறும் சுவருக்குத் தீபாராதனை காட்டினார். ஆனால் கூட்டம் என்னவோ முதுகுப் பக்கம்தான் கூடியது. ஏனென்றால் அம்மனின் நீளமான பின்னலை அதுவரை யாரும் பார்த்ததில்லை, அதில் தொடுத்திருந்த கனகாம்பரத்தையும் பார்த்ததில்லை, எல்லாவற்றுக்கும் மேலே அம்மன் ஜாக்கெட்டில் ஒரு கொக்கி போய், அந்த இடத்தில் ஒரு பின்னூசி குத்தியிருந்தது. "ஆத்தாளுக்கும் நம்மள மாதிரிதானா" என்று பொம்பளைகள் வாயில் கை வைத்தார்கள். அன்றிலிருந்து உண்டியலில் பின்னூசி காணிக்கை விழ ஆரம்பித்தது. எனக்கு மட்டும் அந்த ஊசியைப் பற்றிக் கேள்விப்பட்டதும் முகம் சுட்டது. அம்மனுக்குக் கடைசியாக மேல்பூச்சு பூசினபோது என் ஜாக்கெட்டில்தான் கொக்கி போயிருந்தது.

ஒரே ஒரு கஷ்டம், பஸ் ஸ்டாண்டுப் பின்சுவர். விளக்குமாற்றுப் பொம்பளைகள் முதுகைத் திருப்பியதும் ஆம்பளைகள் பழைய இடத்துக்கு வந்துவிட்டார்கள்.

இதையெல்லாம் நான் வீட்டுக்குள் இருந்தபடியே கேட்டேன். நான் வெளியே வரவே இல்லை. எப்படி வருவது? வாசலைத் திறந்தால் ஊரிலிருக்கிற அத்தனை கண்ணும் என் வீட்டு மேலேயே இருக்கிறது. நைட்டியோடு வாசல் தெளிக்க முடியுமா? பாவாடையைக் கொடியில் காயப்போட முடியுமா? எதிர் வீட்டு மாவு மில்லின் சுவரில் ஒரு யானை, அது கண்ணைக்கூடச் சிமிட்டாது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரர்கள் கொண்டுவந்து கொடுக்கிற காய்கறியில் சமைத்து, இரண்டு பேருக்கு வைத்துப் பழகின கை இரண்டு பேருக்கே வைத்துவிட, மிச்சத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வெளியே யாராவது வந்து வாசல்படியில் பூவைப் போட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். வீட்டுக்குள் ஓர் ஆள் இருக்கிறதே என்று சத்தம் போடாமல்தான் கும்பிடுவார்கள்.

ஒருநாள் பஞ்சாயத்துத் தலைவர் கோமதிநாயகம் நாலு பேரோடு வந்தார். பேச்சை எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் சட்டைப் பொத்தானைத் திருகினார்.

"வெயிலக்கா, ஊரே கூடிப் பேசினோம். படமெல்லாம் இந்த வீட்டத்தான் பாக்குது. அந்தம்மா இங்கதான் குடியிருக்குன்னு அர்த்தம். அதனால இத ஒரு நினைவில்லமா ஆக்கிட்டா..."

"ஆக்குங்க" என்றேன்.

"உங்களத் தொந்தரவு பண்றோம்னு நெனைக்கப்படாது. முத்துராசுகிட்டயும் போன்ல கேட்டோம். அம்மாவ திருப்பூருக்குப் பஸ் ஏத்தி விடுங்க, தனியா இருந்து கவலப்பட்டே தேய்ஞ்சிரும்னு சொல்லுச்சு தம்பி."

"சரி."

"நீங்க இங்க தனியா இருந்து என்னக்கா செய்யப் போறீங்க?"

அவர் அன்பாகத்தான் கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். மதினி வரைந்தாள், மதினியின் படங்கள் மதினியின் வீட்டைப் பார்க்கின்றன, நடுவில் நான் யார்? ஏணியைப் பிடிக்க ஏணியில் ஆள் இல்லை. இந்த ஊரில் எனக்கு இனிமேல் ஒரு வேலையும் கிடையாது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. மூன்றாவது மாடியில், மகன் வீட்டு ஒற்றை ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, எனக்குத் தெரியாத சனங்களுக்காகக் கவலைப்பட வேண்டியதுதான் என்று இரண்டு பைகளில் துணியை அடைத்தேன். குடையையும் எடுத்துக்கொண்டேன். எதற்கு எடுத்தேன் என்று தெரியாது.

கிளம்புகிற அன்றைக்கு மினி பஸ் எங்கள் தெருமுனைக்கே வந்தது. அது ஹைவே ஜங்ஷன் வரைக்கும் போகும், அங்கே திருப்பூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நான் தலையைக் குனிந்துகொண்டு ஏறி, தலையைக் குனிந்துகொண்டே மூன்றாவது சீட்டில் உட்கார்ந்தேன். ஊரைப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று பயம். அதனால் கடைத்தெருவில் என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை.

ஊரைத் தாண்டி ஓடைப் பாலம் ஏறும்போது கண்டக்டர் சுப்புக்காளை என் பக்கத்தில் வந்து நின்றான்.

"பெரியம்மா, கொஞ்சம் அந்தப் பக்கம் சீட்டுல உக்காருங்களேன்."

"ஏம்ப்பா, இது யாருக்காவது போட்டிருக்கா?"

"இல்ல, சும்மா உக்காருங்க. ஒண்ணு பாக்கணும்."

மாறி உட்கார்ந்தேன். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். டிரைவருக்குப் பின்னால் இருந்த தட்டியில் மதினி வரைந்த அய்யனார், வெள்ளைக் குதிரை மேல், உருட்டு விழியோடு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். குதிரையும் பார்த்தது.

"இப்பப் பழைய சீட்டுக்குப் போங்க" என்றான் சுப்புக்காளை.

போனேன். அய்யனார் கண் என்னோடு வந்தது. ஒரு தடித்த மனுஷருக்குப் பின்னால் போய் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். அய்யனார் குதிரையிலிருந்து கொஞ்சம் சாய்ந்து எட்டிப் பார்த்தார்.

டிரைவர் ராசையா பஸ்ஸை ஓரமாக நிறுத்திவிட்டார். "எம் பின்மண்டையில எதுவோ ஊருதேன்னு அப்பவே நெனச்சேன்" என்றார். "சாமி இப்படி வண்டிக்குள்ள தேடிக்கிட்டு இருந்தா நான் எப்படி ஓட்டுறது?"

அதற்குள் சுப்புக்காளையின் போன் அடித்தது. சலூன் கிட்ணன். பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினான்.

"ஏலே, பஸ்ஸுல யாரு இருக்கா? இங்க எல்லாம் மேக்க திரும்பிருச்சுடா! எங்கடைப் பய கழுத்த நீட்டிக்கிட்டு ரோட்டையே பாக்கான். அம்மன் சிங்கத்து மேல எந்திரிச்சு நின்னுருச்சு! வீட்ட ஒண்ணுகூடப் பாக்கல!"

சுப்புக்காளை போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முச்சந்தி வரைக்கும் நடந்தது நான். அங்கிருந்து கிழக்கே திரும்பினதும் நான். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்ததும் நான். படங்கள் மதினியை வழியனுப்பவும் இல்லை, மதினியின் வீட்டைக் கும்பிடவும் இல்லை. வழக்கமாக எதிரே குடை பிடித்து நிற்கிறவளைக் காணோமே என்று தேடிக்கொண்டிருந்திருக்கின்றன.

"நான் திருப்பூர் பஸ்ஸப் புடிக்கணுமே" என்றேன்.

பின் சீட்டிலிருந்து ஓர் அம்மா, மடியில் பலாப்பழத்தோடு, "எனக்கும் அவசரந்தான்" என்றாள். "ஆனா சாமி கழுத்து சுளுக்கிக்கிட்டா யாரு உருவிவிடுறது? வண்டியத் திருப்புப்பா."

ராசையா வண்டியைத் திருப்பினார்.

கடைத்தெருவில் இறங்கும்போது ஊரே கூடியிருந்தது. மேரி புஷ்பம் கழுத்தில் இஞ்ச் டேப்போடு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, முதல்ல எங்கடைக்கு வாங்க. ஆனா ஒரு நிமிஷம் பொறுங்க, அந்தக் கழுத்து டிசைன போட்டோ புடிச்சுக்கிறேன்."

அவள் படம் பிடித்த பிறகு, நான் எப்போதும் நிற்கிற இடத்தில், டீக்கடைச் சாக்கடைக்கு இரண்டு அடி தள்ளி, குடையை விரித்துக்கொண்டு நின்றேன். தையல் கடைப் பெண் மெதுவாகத் திரும்பினாள். குஞ்சம் ஒருபக்கமாக ஆடியது. என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான், தேடின ஆள் கிடைத்த நிம்மதியில் தோளைத் தளர்த்திக்கொண்டு பழையபடி நின்றுவிட்டாள். எனக்குத்தான் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெயில் என்று சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் சலூன், அப்புறம் கறிக்கடை, அப்புறம் பால் பூத். எல்லா இடத்திலும் எங்கே நிற்க வேண்டும் என்று காலுக்கே தெரிந்தது. கூடவே கூட்டமும் வந்தது. ஒருத்தர் மோர் கொடுத்தார், ஒருத்தர் நாற்காலி தூக்கிக்கொண்டு வந்தார், "நில்லுங்கக்கா, உக்காராதீங்க, உக்காந்தா அது குனிஞ்சு பாக்கப்போகுது" என்று இன்னொருத்தர் சண்டை போட்டார். அம்மன் திரும்பி உட்கார்ந்தபோது பெண்கள் குலவை போட்டார்கள். பூசாரி நிம்மதியில் சூடத்தைத் தட்டு நிறையக் கொட்டிக் கொளுத்திவிட்டார். பஸ் ஸ்டாண்டுப் பின்சுவருக்குப் போனபோது அங்கே கோமதிநாயகத்தின் மச்சினர் ஒருத்தர் எங்களைக் கவனிக்காமல் நின்றுகொண்டிருந்தார். நான் குடையை விரித்தேன். பன்னிரண்டு பொம்பளைகளும் விளக்குமாற்றோடு ஒன்றாகத் திரும்பினார்கள். அவர் ஓடின ஓட்டத்தை இன்றைக்கும் ஊரில் நடித்துக் காட்டுகிறார்கள்.

கோமதிநாயகம் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "அக்கா, நாங்க வீட்டப் பாக்குதுன்னு நெனச்சுட்டோம்."

"வீட்டுல என்ன இருக்கு பாக்க? ஒட்டடதான் இருக்கு. நினைவில்லம்னு போர்டு எழுத யார வச்சிருந்தீங்க?"

"அதத்தான்க்கா நாங்களும் யோசிக்கவே இல்ல."

திருப்பூருக்குப் போன் போட்டு வரவில்லை என்று சொன்னேன். "அங்க உனக்கு என்னம்மா வேலை?" என்றான் முத்துராசு. "நிக்கிற வேலை" என்றேன். இப்போதும் அதே வேலைதான். தினமும் காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் ஒரு சுற்று போய் ஒவ்வொன்றின் முன்னாலும் கொஞ்சம் நின்றுவிட்டு வர வேண்டும். ஜுரம் என்று ஒருநாள் படுத்துவிட்டால் கறிக்கடைச் சேவல் கழுத்தை நீட்ட ஆரம்பித்துவிடும். மேரி புஷ்பத்தின் மகளும் பள்ளிக்கூடத்துப் பெண்கள் சிலரும் மதினியின் பிரஷ்களை எடுத்துப் பழகுகிறார்கள். கை இன்னும் வரவில்லை. அவர்கள் வரைகிற பூனை கீரிப்பிள்ளை மாதிரி இருக்கிறது. ஆனால் கண் வைக்கிற நேரம் வந்தால் நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி "வெயிலத்தே, எதிர்க்க வாங்க" என்று கூப்பிடத் தெரிந்துகொண்டார்கள். அடுப்பில் குழம்பு இருக்கிறது என்று நான் சொன்னால் ஒருத்திகூடக் காதில் வாங்குவதில்லை.

ஆனால் அன்றைக்கு நாங்கள் கடைசியாகப் போன இடத்தை இன்னும் சொல்லவில்லை.

எல்லாப் படமும் திரும்பின பிறகு, கூட்டம் தானாகவே மெயின் ரோட்டு நிழற்குடைக்கு வந்து நின்றது. குடை பிடித்த பொம்பளை வெள்ளைக் கண்ணோடு, அரைகுறை வாயோடு நின்றாள். பக்கத்தில் குடையோடு நானும் நின்றேன். மேரி புஷ்பத்தின் மகள் ஓடிப்போய் எங்கள் வீட்டிலிருந்து கறுப்புப் பெயிண்ட் டப்பாவையும், மதினியின் கொண்டை வாசம் இன்னும் போகாத ஒரு பிரஷ்ஷையும் கொண்டுவந்தாள்.

"எதிர்க்க யாரு நிக்கிறது?" என்று கிட்ணன் கேட்டான்.

அவ்வளவுதான், கூட்டம் முண்டியடித்தது. கோமதிநாயகம் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்து நின்றார். பல் டாக்டர் அவருக்கும் முன்னால் வந்து நின்றார். மினி பஸ்ஸில் வந்த அம்மா பலாப்பழத்தோடு வந்து நின்றாள்.

"எல்லாரும் வெலகுங்க" என்றேன். "அந்த எடம் மதினிக்குப் போட்டது."

விலகினார்கள். எதிரே வெறும் ரோடு. அதற்கு அந்தப் பக்கம் வேப்பமரத்தில் சாய்த்து வைத்தபடியே மதினியின் ஏணி. கடைசி நாள் அங்கே விட்டதை யாரும் எடுக்கவில்லை. நான் பிரஷ்ஷைத் தொட்டேன். கோணிவிடுமோ, சொட்டிவிடுமோ, மாறுகண் ஆகிவிடுமோ என்று ஒரு வாழ்நாளுக்கு உண்டான கவலையை அந்த ஒரு நிமிஷத்தில் பட்டுவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இடது கண்ணில் ஒன்று, வலது கண்ணில் ஒன்று வைத்தேன்.

எல்லோரும் எதிர்ப்பக்கம் ஓடினார்கள். அது யாரைப் பார்க்கிறது என்று தெரிய வேண்டுமே. கோமதிநாயகம் நின்ற இடத்தைப் பார்க்கவில்லை. டாக்டர் நின்ற இடத்தையும் பார்க்கவில்லை. உயரமான ராசையா நின்று பார்த்தார், எக்கிப் பார்த்தார், அவர் தலைக்கும் மேலே பார்த்தது. "யாரையும் பாக்கலையே பெரியம்மா, வானத்தப் பாக்குதோ" என்றான் சுப்புக்காளை. கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

கிட்ணன் ஏணியில் ஏறினான். ஒவ்வொரு படியிலும் நின்று திரும்பிப் பார்த்தான். உச்சிப்படிக்கு ஒரு படி கீழே வந்ததும் அப்படியே நின்றுவிட்டான். பிறகு அங்கே உட்காரக்கூடாத இடத்தில் உட்கார்ந்துவிட்டவனைப் போல மெதுவாக இறங்கி வந்தான்.

"அங்கதான் பாக்குதுக்கா" என்றான். "வாயும் ஏதோ சொல்லுது. எனக்குச் சரியாப் புரியல."

எனக்குப் புரிந்தது. முப்பது வருஷமாக மத்தியான வெயிலில் ஏணிக்குக் கீழே குடையைப் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்து, தினமும் அதையேதான் நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"சோறு ஆறுது மதினி. எறங்கி வாங்க."